வாய் வழியா ஒண்ணும் குடுக்கப்பிடாது

பைய தின்னு மக்களே. ரயில் சென்னைக்குப் போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு. உனக்க புரோட்டாவை யாரும் பறிச்சிட்டுப் போக மாட்டாவ. ரெண்டு கடி கடிச்சிட்டு அப்படியே முழுங்குறதுக்கா ஆண்டவர் இம்மிட்டு பல்லைக் குடுத்திருக்காரு? சவைக்கணும்.

கோவிச்சுக்காத. எனக்க பழக்கம் இது. ஒரு ஆளு எதிர்ல இருந்து தின்னா எனக்கு முகம் கண்ணுல படாது, தொண்டைதான் படும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிக்காவளா, நடுவுல நெஞ்சைத் தடவுறாவளான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். கல்யாண வீட்டுப் பந்தியில எனக்க எதிர் வரிசையில இருக்க எங்க சொந்தக்காரங்க ஒருத்தரும் சம்மதிக்க மாட்டாவ. சோறு இறங்காதாம்.

நான் நர்ஸாக்கும். ஹெப்சிபாய்னு பேரு. வீடு மார்த்தாண்டம் பக்கம். இந்த ஊருல இருந்ததைவிட கென்யாவுல ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில இருந்ததுதான் கூடுதல். நீ நினைக்கிற மாதிரி சிங்கம், யானையெல்லாம் ஒண்ணும் இல்ல. மலைப்பிரதேசம், எங்க பாத்தாலும் தேயிலைத் தோட்டம், ஸ்வெட்டர் இல்லாம வெளிய இறங்க முடியாது. நான் அங்க போனப்ப எங்க அம்மா பயந்து அழுதா. நான் அங்கபோய்ப் பாத்த ஒரே பயங்கரமான மிருகம் ஆஸ்பத்திரி அட்மினிஸ்ட்ரேட்டர்தான்.

அந்தப் பக்கத்துல உணவுக்குழாய்ல கேன்சர் வாறது ரொம்ப அதிகம். ஏன்னு கேட்டா ஆளுக்கொரு காரணம் சொல்லுவாவ. கொதிக்கக் கொதிக்கச் சாயா குடிக்கதுனாலன்னு சிலபேரு, புகையினாலன்னு சிலபேரு. பெரிய பெரிய ஆளுவ வெளிநாட்டுல இருந்து வந்து ஆராய்ச்சி பண்ணுனாவ. கொதிக்கிற சாயாவைக் குடிச்சிட்டே எழுதிட்டுப் போனாவ.

அதுல ஒரு சங்கடம் என்னன்னா, எல்லாரும் காலம் கடந்துதான் வருவாவ. அங்கத்துள்ள சாப்பாடு உகாலி. மக்காச்சோள மாவுல கிண்டுற களியாக்கும், நல்லா கெட்டியா இருக்கும். முதல்ல களி இறங்காது. உடனே பொஞ்சாதி அதைக் கொஞ்சம் இளக்கிக் குடுப்பா. பொறவு அதுவும் இறங்காது, கஞ்சியாக்குவா. பொறவு கஞ்சியைத் தெளிவாக்குவா. பொறவு பால் மட்டும். எல்லாம் அன்பு! அன்பாலேயே கரைச்சுக் கரைச்சு, பாலும் இறங்காத அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வருவாவ. அதுக்குள்ள ஆபரேஷனுக்குள்ள காலம் போயிருக்கும். குழாய்க்குள்ள ஒரு கம்பிவலைக் குழாயை வச்சு, ஆகாரம் இறங்க வழி பண்ணிக் குடுத்து அனுப்புவோம். தின்னலாம், ஆனா நோய் அங்கேயேதான் இருக்கும். நான் அந்தப் பொம்பளைகளை ஏசாத ஏச்சு கிடையாது.

ஆபரேஷனுக்குத் தகுதியா வாறது கொஞ்சம் பேரு. வயித்தையும் நெஞ்சையும் திறந்து, கெட்டுப்போன குழாயை எடுத்துட்டு, இரைப்பையை மேல இழுத்துக் கழுத்துல கொண்டுவந்து தைப்பாவ. அந்தக் கழுத்துத் தையல் பிடிச்சுக்கிடுறதுவரைக்கும் வாய் வழியா ஒண்ணும் போகப்பிடாது. தண்ணி கூடக் கூடாது. வயித்துல ஒரு சின்னக் குழாய் வச்சிருக்கும், ஆகாரமெல்லாம் அது வழியாத்தான். ஒரு வாரம் கழிஞ்சு மருந்து குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுப்பாவ. ஒழுக்கு இல்லன்னு கண்டாத்தான் முதல் ஸ்பூன். தையல் விட்டு ஒழுகிச்சுன்னா சீழ் கட்டும். அது நெஞ்சுக்குள்ள இறங்கிட்டா ஆளு போச்சு.

அந்த ஒரு வாரமும் காவல் யாரு? நான்தான். "வாய் வழியா ஒண்ணும் குடுக்கப்பிடாது"ன்னு ஸ்வாஹிலியில பெருசா எழுதிக் கட்டில் தலைமாட்டுல தொங்கவிடுவேன். போர்டு என்ன செய்யும், கண்ணுதான் வேணும். அந்த ஜனங்களுக்குப் புளிச்ச பால்னா உயிரு. சுரைக்குடுக்கைக்குள்ள கரி தடவி, பாலை ஊத்திப் புளிக்க வைப்பாவ. முர்சிக்னு பேரு. பிள்ளை பிறந்தாலும் அது, பரீட்சையில பாஸானாலும் அது, ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சு விமானத்துல வந்து இறங்கினாலும் வாயில அதுதான். அப்ப ஆபரேஷன் பண்ணிக் கிடக்கிறவனுக்கு மட்டும் கொண்டுவராம இருப்பாவளா? சால்வைக்குள்ள கொண்டுவருவாவ. குடைக்குள்ள கொண்டுவருவாவ. ஒரு ஆளு தொப்பிக்குள்ள வச்சுக்கிட்டு, கழுத்தை ஆட்டாம வார்டுக்குள்ள நடந்து வாறாரு! எல்லாத்தையும் பிடிச்சிருவேன். பிடிச்சு என்ன செய்வேன்னு கேக்கறியா? வீணாக்கப்பிடாதுல்லா. டூட்டி ரூம்ல வச்சு நானே குடிச்சிருவேன். நல்லாத்தான் இருக்கும்.

சரி, கோஸ்கேக்க கதைக்கு வாறேன். கோஸ்கேன்னு ஒரு ஆளு. தேயிலை லாரி ஓட்டினவரு, சர்ச்சுல மூப்பரு, வாய் கொள்ளாத பேச்சு. அவரு வந்தது ரொம்ப சீக்கிரம். அந்த ஊருல அப்படி வந்தது ஒரு அதிசயமாக்கும். காரணம் அவருக்க பொஞ்சாதி ரேச்சல். ஒரு நாள் சாப்பிடும்போது, "களியைக் கொஞ்சம் இளக்கிக் கிண்டு"ன்னு சொல்லியிருக்காரு. "ஏன்?"னு கேட்டிருக்கா. "சும்மாதான்." "இம்மிட்டு வருஷமா இல்லாத சும்மா இன்னைக்கு எங்க இருந்து வந்துது?" களியையும் இளக்கல, ஆளையும் விடல. மறுநாள் அவருக்க லாரியிலேயே ஏத்திக் கொண்டுவந்து எங்க வாசல்ல இறக்கிட்டா. அவளைப்போல நாலு பேரு இருந்தா அந்த ஜில்லாவுல பாதிப்பேரு பிழைச்சிருப்பாவ. அதை நான் எப்பவும் சொல்லுவேன்.

டாக்டரு பேரு செருயோட். அந்த ஊருப் பையன், சின்ன வயசு. மீசை சரியா முளைக்கலைன்னு நான் கேலி பண்ணுவேன். ஆனா கையைப் பாத்தா அப்படி ஒரு கை. அவருக்கு முன்னால கேன்சர் ஆபரேஷன் பண்ணிட்டு இருந்த பெரிய சர்ஜன் ஓய்வு வாங்கிப் போயிட்டாரு. இவரு பொறுப்பெடுத்தப்ப முதல்ல ஒண்ணுரெண்டு பேரு நல்லாப் போனாவ. பொறவு வரிசையா ரெண்டு பேரு செத்துப்போனாவ. ரெண்டுமே கழுத்துத் தையல் ஒழுகினது. காய்ச்சல் வந்த பொறவுதான் தெரிஞ்சுது, அதுக்குள்ள நெஞ்சு முழுக்கச் சீழ். அட்மினிஸ்ட்ரேட்டர் கூப்பிட்டு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டாரு: "இன்னும் ஒண்ணு இப்படி ஆச்சுன்னா இந்த ஆபரேஷனே இங்க வேண்டாம். எல்லாருக்கும் கம்பிவலையை வச்சு அனுப்புங்க." கோஸ்கேக்குப் பின்னால நாலஞ்சு பேரு காத்துக்கிடக்காவ. ஒரு டீச்சரு, இன்னும் பால் குடிக்கிற பிள்ளையோட. அவியளுக்கெல்லாம் கோஸ்கேக்கக் கழுத்துதான் கதவு. அது மூடிச்சுன்னா எல்லாருக்கும் மூடிரும்.

அப்ப நான் எப்படிக் காவல் காத்திருப்பேன்னு நினைச்சுக்கோ. ஆபரேஷன் நல்லா நடந்துது. மறுநாளே ஆளு கண்ணைத் திறந்து என்னைப் பாத்து, கமறிப்போன குரல்ல "மாமா ஜெலா"ன்னாரு. ஜெயில் அம்மான்னு அர்த்தம். எனக்குப் பேரு வச்சிட்டாராம்! வார்டு முழுக்கச் சிரிக்குது. நானும் விடுவனா? "தண்டனை முடிஞ்சாத்தான் சாப்பாடு, கைதி சும்மா கிடக்கணும்"னேன். பல்லு தேய்க்கக் கூட விடல, ஈரத்துணியை வச்சு நானே துடைச்சு விட்டேன். அவரு எச்சி முழுங்கினாக்கூட நான் முறைப்பேன். உதட்டுல தண்ணி தடவ வந்த நர்ஸ் பிள்ளையை நான் போட்ட சத்தத்துல அது ரெண்டு நாள் எனக்க முகத்துல முழிக்கல.

அஞ்சாம் நாளு ஞாயித்துக்கிழமை. மாசத்துல ஒரு ஞாயிறு வார்டுலயே திருவிருந்து, கர்த்தருக்க பந்தி, குடுப்பாவ. படுக்கையில கிடக்கிறவங்களுக்கு அது ஒரு பெரிய ஆறுதல் கேட்டியா. பாஸ்டர் லாங்காட் வந்தாரு, நல்ல வயசான மனுஷன், கை லேசா நடுங்கும். அதனால தட்டு பிடிக்கிறது எப்பவும் நான்தான். ஒரு தட்டுல சின்னச் சின்னதா நறுக்கின அப்பம், சின்னக் கிளாசுகள்ல திராட்சை ரசம். கட்டில் கட்டிலாப் போனோம். அன்னைக்கு மாதிரி ஒரு ஆராதனை நான் கண்டதில்ல. வெளிய மழை, உள்ள எல்லாரும் மெதுவாப் பாடுதாவ. கோஸ்கேக்க கட்டிலுக்கு வந்தப்ப அவரு என்னைப் பாத்தாரு. பாஸ்டரைப் பாத்தாரு. திரும்பியும் என்னைப் பாத்தாரு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஜெபத்துல கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டா நிப்பாவ? மூப்பரு கண்ணு கலங்க வாங்கினாரு. "ஆமென்"னு அந்தக் கமறல் குரல்ல சொன்னப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. இதை ஏன் சொல்லுதேன்னா, எனக்க வார்டு அப்படிப்பட்ட வார்டுன்னு நீ தெரிஞ்சுக்கிடணும்.

திங்கள்கிழமை காலையில கழுத்துல போட்டிருந்த கட்டு மாத்தப் போனேன். பழைய துணியை எடுத்தா நனைஞ்சிருக்கு. நிறமும் சரியில்ல. ரத்தம்னா ரத்த நிறம் இருக்கணும், சீழ்னா மஞ்சளா இருக்கணும். இது நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி. காய்ச்சல் இல்ல, ஆளு தெளிவாத்தான் இருக்காரு. டாக்டரைக் கூப்பிட்டேன். அவரு ஓடிவந்து, அந்த இடத்திலேயே கழுத்துல ரெண்டு மூணு தையலைப் பிரிச்சாரு. உள்ள தேங்கியிருந்தது வெளிய வந்துது. அவருக்க முகத்துல ரத்தமே இல்ல.

"சிஸ்டர், இவரு வாய்க்குள்ள ஏதாவது போச்சா?"

"டாக்டர், எனக்க வார்டுல ஒரு துளி போகாது. பைபிள் மேல கை வச்சுச் சொல்லுதேன்."

சும்மா சொல்லல, போய் பைபிளை எடுத்துட்டு வந்து கை வச்சே சொன்னேன். அவரு தலையைக் குனிஞ்சுகிட்டாரு. "அப்ப எனக்க தையல்தான்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

எனக்கு மனசு ஆறுமா? டாக்டருக்க கையில குத்தம் இல்லன்னு எனக்குத் தெரியும். அப்ப யாரோ எனக்க கண்ணுல மண்ணைத் தூவியிருக்காவ. யாருன்னு கண்டுபிடிக்காம விடுவனா? தரை துடைக்கிற பொம்பளையைக் கேட்டேன். பக்கத்துக் கட்டில் ஆளைக் கேட்டேன். அவருக்குக் காலே இல்ல, எழும்பிப் போய்க் குடுத்திருக்க முடியாது, இருந்தாலும் கேட்டேன். அப்ப பாத்து ரேச்சல் உள்ள வாறா. சால்வைக்குள்ள ஏதோ புடைச்சிட்டு இருக்கு. கையை விட்டு இழுத்தா, குடுக்கை! நிறைய முர்சிக்!

என்னா கோவம் வந்துதுங்கற எனக்கு. களியை இளக்க மாட்டேன்னு நின்ன பொம்பளை, கடைசியில இப்படிச் செய்துட்டாளேன்னு. வேலியே பயிரை மேஞ்ச கதை இல்லா? அவ ஏதோ சொல்ல வாயைத் திறந்தா. "ஒண்ணும் பேசாத, உனக்க மாப்பிள்ளையைக் கொன்னுட்டியே"ன்னு எல்லாரும் கேக்கச் சொன்னேன். வார்டுக்குள்ள இனி கால் வைக்கப்பிடாதுன்னு வெளிய அனுப்பிட்டேன். அவ அழல, சண்டையும் போடல. என்னைப் பாத்துக்கிட்டே போனா. வாசலுக்கு எதிர்ல ஒரு கொட்டகை உண்டு, சொந்தக்காரங்க இருக்கிறதுக்கு. அங்க போய் இருந்துட்டா.

பொறவு டூட்டி ரூம்ல இருந்து அந்தப் பாலைக் குடிச்சேன். என்ன அப்படிப் பாக்கற? வீணாக்கப்பிடாதுன்னு முதல்லயே சொன்னேன்லா. அன்னைக்குக் காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல எனக்கு.

டாக்டருக்குப் போய்ச் சொன்னேன், ஆளைப் பிடிச்சாச்சு, பால்தான் காரணம்னு. அவரு நம்பல. "பால் இந்த நிறத்துல இருக்காது சிஸ்டர்"னு மட்டும் சொன்னாரு. மேசைக்கு முன்னால இருக்காரு. சாயங்காலம் அட்மினிஸ்ட்ரேட்டரைப் பாக்கப் போறேன், எனக்க கை சரியில்ல, இந்த ஆபரேஷனை நிறுத்திருவோம்னு நானே சொல்லிருதேன்னாரு. அந்த டீச்சரம்மா வெளிய பெஞ்சுல பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருந்தா. அவகிட்ட யாரு போய்ச் சொல்லுவா? எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துது மக்களே. ரேச்சல்மேல இருந்த கோவம் இன்னும் ஒரு படி ஏறிச்சு.

கோஸ்கே ரேச்சலைத் தேடியிருக்காரு. யாரோ நடந்ததைச் சொல்லிட்டாவ. டாக்டரு கட்டுப் பாக்க வந்தப்ப விரலைக் காட்டிக் கிட்டக் கூப்பிட்டாரு. காதுல ஏதோ சொன்னாரு. எனக்குக் கேக்கல. டாக்டரு நிமிந்து என்னைப் பாத்தாரு. பொறவு வேகமா வெளிய போனாரு.

திரும்பி வந்தப்ப கையில ஒரு பாட்டில். பாஸ்டர்கிட்ட இருந்து வாங்கிட்டு வந்த திராட்சை ரசம். ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அதுல முக்கினாரு. காலையில எடுத்த கழுத்துத் துணியைப் பக்கத்துல வச்சாரு. ரெண்டும் ஒரே நிறம். பின்னால கோஸ்கே நெஞ்சுத் தையலைக் கையால பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காரு, சத்தம் வராத சிரிப்பு.

"தட்டு யாரு பிடிச்சாவன்னு கேளுங்கன்னு சொல்லுதாரு சிஸ்டர்"னாரு டாக்டரு.

நான் விடல. "டாக்டர், அது சாப்பாடு இல்ல"ன்னேன்.

"எனக்கும் தெரியும் சிஸ்டர். நானும் அதே சர்ச்சுதான். ஆனா தையலுக்கு அது தெரியாதே."

நீயே நியாயத்தைச் சொல்லு. கர்த்தருக்க பந்தியைப் போய் சாப்பாட்டுக் கணக்குல சேக்கலாமா? போர்டுல நான் எழுதினது ஆகாரத்தைப் பத்தி. இன்னைக்கும் நான் அதைத்தான் சொல்லுவேன். பாஸ்டர் லாங்காட்டும் எனக்க கட்சி. அவரு பாவம், கேட்ட உடனே பக்கத்துல கிடந்த ஸ்டூல்ல இருந்துட்டாரு, எழும்பவே இல்ல.

"கேட்டீரா, நீராவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா"ன்னு கோஸ்கேகிட்டச் சண்டைக்குப் போனேன். அவரு சொல்லுதாரு: "மாமா ஜெலா, உன்னைப் பாத்தேன். நீ கண்ணை மூடிட்ட. ஜெயிலரே கண்ணை மூடினா கைதி என்ன செய்வான்?"

பொறவு டாக்டரு ஒரு கணக்குச் சொன்னாரு. அந்த அப்பத்துனால தையல் விட்டுச்சா, இல்ல முன்னமே விட்டிருந்த தையலை அந்த ரசம் வெளிய காட்டிக் குடுத்துச்சா, இனி யாருக்கும் தெரியப்போறதில்ல. ஆனா ஒண்ணு. முன்ன செத்தவங்களுக்குக் காய்ச்சல் வந்த பொறவுதான் தெரிஞ்சுது. இவருக்குக் காய்ச்சலுக்கு முந்தியே தெரிஞ்சுபோச்சு, கழுத்தோட திறந்து விட்டாச்சு, நெஞ்சுக்குள்ள இறங்கல. இனி அது தானே மூடிக்கிடும். ஆளு பிழைச்சுக்கிடுவாரு. அட்மினிஸ்ட்ரேட்டர்கிட்டயும் இதையேதான் சொன்னாரு. அவரு மூக்குக் கண்ணாடியைக் கழத்தித் துடைச்சுப் போட்டுக்கிட்டு, "அந்த டீச்சரை அட்மிட் பண்ணுங்க"ன்னாராம். தட்டு யாரு பிடிச்சாவங்கற விஷயம் அந்த ரூமுக்குள்ள போகல. டாக்டரு அதைச் சொல்லல. மீசை இல்லாட்டியும் தங்கமான பையன்.

ஆக, கர்த்தர் என்னை ஒரு கருவியா உபயோகிச்சிருக்காரு. இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லுதது உண்டு. நீ சிரிக்கிற மாதிரிதான் எல்லாரும் சிரிக்காவ.

ரேச்சலா? ம். அதைச் சொல்லணும் இல்லா.

டாக்டரு என்னைக் கூப்பிட்டு, "நீங்களே போய் உள்ள கூட்டிட்டு வாங்க சிஸ்டர்"னாரு. வேற ஆளை அனுப்பியிருக்கலாம். வேணும்னேதான். கழுவின குடுக்கையைக் கையில எடுத்துக்கிட்டுப் போனேன். கொட்டகையில பொம்பளைக எல்லாம் அடுப்பு மூட்டி இருக்காவ. அவ தனியா ஒரு ஓரத்துல. நான் போய் நின்னேன். மன்னிப்புக் கேக்கணும்னுதான் வழியெல்லாம் ஸ்வாஹிலியில சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். ஆனா சிஸ்டர் மன்னிப்புக் கேட்டா பொறவு வார்டு நடக்குமா? குடுக்கையை நீட்டி, "இந்தா, உனக்க சாமானு"ன்னேன்.

வாங்கி, மூடியைத் திறந்து உள்ள பாத்தா. "கொட்டிட்டீங்களா?"

"இல்ல. குடிச்சிட்டேன்."

"முழுசுமா?"

"முழுசும்."

அவ முகம் மாறிச்சு. திட்டப் போறான்னு நினைச்சேன். "நல்லா இருந்துதா சிஸ்டர்?"

"கொஞ்சம் புளிப்பு கூடுதல்."

"நேத்து சாயங்காலம் அவருதான் சொன்னாரு. மாமா ஜெலா காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கா, ஒண்ணும் தின்னு நான் பாக்கல, அவளுக்குக் கொஞ்சம் பால் கொண்டுவான்னு. உங்களுக்குத்தான் கொண்டு வந்தேன் சிஸ்டர். வேற யாரும் பாத்தா தப்பா நினைப்பாங்கன்னு சால்வைக்குள்ள மறைச்சேன்."

அந்தப் பொம்பளைக நடுவுல அவ பக்கத்துல போய் இருந்துட்டேன். இம்மிட்டு வருஷமும் யாரு கொண்டுவந்ததைப் பிடுங்கினாலும் அது நோயாளிக்குன்னுதான் நினைப்பு எனக்கு. எனக்குன்னு ஒருத்தர் கொண்டு வருவாவன்னு எனக்குத் தோணவே இல்ல. அவ என்ன செய்தா தெரியுமா? ஒரு டம்ளர்ல கொதிக்கக் கொதிக்கச் சாயாவை ஊத்தி எனக்க கையில தந்தா. ஆறவச்சுக் குடிக்கணும்னு ஊரெல்லாம் பிரசங்கம் பண்ணுறவ நான். அன்னைக்கு ஊதிக் கூடப் பாக்காம குடிச்சேன். வாய் வெந்துபோச்சு. அதுக்கு அப்புறந்தான் அவ சிரிச்சா.

கோஸ்கே இப்ப எப்படி இருக்காருன்னு கேக்கப் போறியா? எல்லாரும் இதைத்தான் கேப்பாவ. பிழைச்சு வீட்டுக்குப் போனாரு. கொஞ்ச வருஷம் நல்லா இருந்தாரு, லாரி கூட ஓட்டினாரு. பொறவு அந்த நோய் ஈரல்ல வந்துது. கடைசிவரைக்கும் களி தின்னாருன்னு ரேச்சல் போன்ல சொன்னா. கெட்டிக் களி. அதை ரெண்டு தடவை சொன்னா. டாக்டருமாரு மீட்டிங்குல எல்லாம் ஆபரேஷனுக்குப் பொறவு எத்தனை பேரு எத்தனை மாசம் உயிரோட இருந்தாவன்னு கணக்குப் போடுவாவ. போடட்டும், போட வேண்டியதுதான். ஆனா நான் இந்தக் கதையை அங்க கொண்டுபோய் முடிக்க மாட்டேன். எனக்குப் பிடிச்ச இடத்துல முடிக்கிறேன். கதை எனக்கதுதானே.

டாக்டரு கழுத்துல பிரிச்சு விட்ட வாயி நாளுக்கு நாள் சின்னதாகிச் சின்னதாகி மூடிச்சு. எக்ஸ்ரேயும் எடுத்தாச்சு, ஒழுக்கு இல்ல. முதல் ஸ்பூன் குடுக்கிற நாளு. எனக்க வார்டுல முதல் ஸ்பூன் எப்பவும் நான்தான் குடுப்பேன். யாருக்கும் விட்டுக்குடுத்ததில்ல, அது எனக்க சம்பளம்னு வச்சுக்கோ. அன்னைக்கு டாக்டரு, பாஸ்டர், நர்ஸ் பிள்ளைக எல்லாம் கட்டிலைச் சுத்தி நிக்காவ. டீச்சரம்மாவும் வந்து வாசல்ல நிக்கா, அவளுக்கு மறுநாள் ஆபரேஷன். நான் கஞ்சியில ஸ்பூனை முக்கி எடுத்தேன். எடுத்து, ரேச்சல் கையில குடுத்தேன்.

அவ என்னைப் பாத்தா. "நீங்க குடுங்க சிஸ்டர். உங்க கையில இருந்துன்னா நாள் வாறதுக்கு முந்தியே வாங்குவாரு."

எல்லாரும் சிரிச்சாவ. பாஸ்டர் கூட. நான் ஸ்பூனைத் திரும்பி வாங்கல. "நீ குடு"ன்னு அவ கையைப் பிடிச்சு அவருக்க வாய் பக்கமா நீட்டினேன். எனக்கு வேற எப்படிச் சொல்லணும்னு தெரியல. அவளுக்குப் புரிஞ்சுதுன்னு நினைக்கிறேன், அவ விரல் எனக்க விரலை விடவே இல்ல. ரெண்டு பேரு கையுமாத்தான் அந்த ஸ்பூன் போச்சு.

அவரு முழுங்கினாரு. எல்லாருக்க கண்ணும் அவருக்க கழுத்துல கட்டியிருந்த வெள்ளைத் துணியில. நானும் பாத்துக்கிட்டே நின்னேன். இந்தத் தடவை நான் கண்ணை மூடவே இல்ல.

துணி வெள்ளையாவே இருந்துது.